இடுப்புப் பெட்டி

நாகூர் மீரான் வந்து நின்றதும் ஆஸ்பத்திரிப் பெஞ்சில் இடம் கிடைத்துவிட்டது. யாரும் எழுந்து கொடுக்கவில்லை. ஒவ்வொருவராகத் தள்ளித் தள்ளி உட்கார்ந்து, கடைசியில் மூன்று ஆள் உட்காரும் அளவுக்கு அவரைச் சுற்றிக் காலியாகிவிட்டது. குழந்தையை மடியில் வைத்திருந்த மராட்டிக்காரி ஒருத்தி முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

காலையில்தான் மனைவி மெஹராஜ் எலுமிச்சம்பழத் தோலால் அவர் முதுகைத் தேய்த்து, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி அனுப்பியிருந்தாள். என்ன தேய்த்து என்ன? தாராவித் தோல் கிடங்கில் பச்சைத்தோல் சுமக்கிறவன் மேல் வாடை, ஊறுகாய் ஜாடியில் உப்பு ஏறினது மாதிரி ஏறிவிடும். அப்புறம் அது தோலின் வாடையா, ஆளின் வாடையா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இடம் கிடைத்தும் அவர் உட்காரவில்லை. அந்தப் பெஞ்சு தாழ்வானது. அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இன்னொரு ஆள் கைகொடுக்க வேண்டும். சுவரில் தோளைச் சாய்த்து, இடது காலைக் கொஞ்சம் முன்னால் வைத்து, அப்படியே நின்றார். ஏழெட்டு மாதமாக அவர் நிற்கிற நிலை இதுதான். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து கம்பவுண்டர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, வெள்ளைச் சட்டைக்காரர்களெல்லாம் முதலில் போனார்கள்.

அவர் முறை வந்தபோது ஜகந்நாதன் ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டிருந்தார். பெரியாஸ்பத்திரியில் இடுப்பு, கழுத்து, முழங்கால் வலிக்காரர்களுக்குக் கரண்ட் வைப்பவர் அவர்தான். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழர். ஊதுவத்தியை இன்னாருக்காகத்தான் கொளுத்துகிறோம் என்று தெரியாதிருக்க, மேஜை மேலிருந்த பிள்ளையார் படத்துக்கு முன்னால் கொண்டுபோய்ச் செருகினார். நல்ல மனுஷர்.

"குப்புறப் படுத்துக்கோங்கோ. மெதுவா. அவசரமே இல்லை."

முதுகின் கீழ்ப்பகுதியில் குளிர்ந்த ஜெல்லியைத் தடவி, கறுப்பு ரப்பர் பட்டைகள் இரண்டை வைத்து பிளாஸ்திரி ஒட்டினார். பட்டையிலிருந்து வந்த வயர் சிகரெட் பெட்டி அளவிலிருந்த ஒரு சின்னப் பெட்டிக்குள் போயிற்று. அவர் குமிழைத் திருகத் திருக, முதலில் ஒரு எறும்பு ஊர்ந்தது. பிறகு ஒரு கூட்டம் எறும்பு. பிறகு முதுகு முழுக்க எறும்புச் சாரை.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம் வைங்க சார். தாங்குவேன்."

"இது தாங்கறதுக்கு வைக்கறது இல்லை. கூட வச்சா ஜாஸ்தி குணமாகும்னு யார் சொன்னா? எல்லாருமா சேர்ந்து இதையே கேக்கறேள்."

இது ஐந்தாவதோ ஆறாவதோ தடவை. முதல் இரண்டு தடவை பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இன்றைக்குத்தான், பெட்டியை அணைத்து பட்டைகளை உரித்தபின் மீரான் கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டு இறங்கி நின்றார், நின்றவர் அப்படியே நின்றார். வலியைத் தேடிப் பார்த்தார். இடப்பக்கம் சாய்ந்தார், வலப்பக்கம் சாய்ந்தார். இல்லை. யா அல்லா, இல்லை! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சார், போயிட்டு சார். சுத்தமாப் போயிட்டு."

ஜகந்நாதன் சிரிக்கவில்லை. "இங்கே பாருங்கோ. வலி எங்கேயும் போகலை. அது தலைக்குச் சொல்லி அனுப்பற சேதியை இந்தக் கரண்ட் வழியிலே மறிச்சு வச்சிருக்கு. கொஞ்ச நேரத்துக்கு. உள்ளே எலும்புக்கு நடுவுல ஜவ்வு பிதுங்கிண்டு இருக்கே, அது அப்படியேதான் இருக்கு. வலி தெரியலையேன்னு தூக்கினேள்னா, இன்னும் பிதுங்கும். பிதுங்கறது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. குனியப்படாது, வெயிட் தூக்கப்படாது. வேற வேலை கேளுங்கோ."

"கேட்டிருக்கேன் சார். மொதலாளி தாரேன்னிருக்காரு."

கேட்டது உண்மை. நோன்பு மாதத்திலேயே கேட்டிருந்தார். கிடங்கில் பதம் போட்டுக் காய்ந்த தோலின் ஓரங்களைச் சின்னக் கத்தியால் வெட்டிச் சீராக்குகிற மேசை ஒன்று உண்டு. இடுப்புயர மேசை. நின்றபடியே வெட்டலாம், ஒன்றையும் தூக்க வேண்டாம். அதில் நின்ற பெரியவர் ஊருக்குப் போகிறார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னால் அந்த மேசையை மீரானுக்குத் தருவதாக முதலாளி ஜெயினுலாப்தீன் வாய்ப்பேச்சாகச் சொல்லியிருந்தார். பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பெருநாள், குர்பானிக்கு அறுத்த ஆடுமாடுகளின் தோல் லாரி லாரியாக வந்து இறங்கும் நாள். அதற்கு முன்னால் மேசைக்குப் போய்விட்டால் முதுகு தப்பும்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிஞ்சு பள்ளிவாசல் வாசல்ல வச்சுக் கேளுங்க" என்று மெஹராஜ் காலையிலேயே சொல்லியிருந்தாள். கிடங்கில் கேட்டால் ஆயிரம் சோலிக்கு நடுவில் ஜெயினுலாப்தீன் 'பாப்போம் பாப்போம்' என்பார். தொழுதுவிட்டு வெளியே வருகிறபோது, நாலு பேர் பார்க்க, அவருக்கு மனசு இளகியிருக்கும். தாராவியில் அவரிடம் வேலை, கைமாற்று, சிபாரிசு கேட்கிறவர்கள் எல்லாரும் அந்த வாசலில்தான் நிற்பார்கள்.

மீரான் வீட்டுக்குப் போய் வெளுத்த சட்டையும் புது லுங்கியும் மாற்றிக்கொண்டார். மெஹராஜ் அத்தரில் பஞ்சைத் தொட்டுக் காதில் செருகினாள். அவர் தெருவில் நிமிர்ந்து நடந்து போவதைக் ஒற்றை அறைக் கோலியின் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கோலிக்காரி, "ஒங்க வீட்டுக்காரரா? நடையைப் பாத்தா புது மாப்பிள்ளைல்லா!" என்றாள். மெஹராஜுக்குச் சிரிப்பு வந்தது.

பள்ளிவாசலில் கடைசித் தூணுக்குப் பக்கம் ஒரு உயரமான ஸ்டூல் கிடக்கும். இத்தனை மாதமும் மீரான் அதில் உட்கார்ந்துதான் தொழுதார். குனிய முடியாது, தரையில் நெற்றி வைக்க முடியாது. கழுத்தை மட்டும் தாழ்த்திக்கொள்வார். எல்லாரும் குனிகிறபோது தான் மட்டும் மரக்குற்றி மாதிரி உட்கார்ந்திருப்பது அவருக்குப் பெரிய வெட்கம். இன்று கைகால் கழுவி ஒளுச் செய்துவிட்டு ஸ்டூலைத் தாண்டி நடந்தார். முன் வரிசையில் ஒரு இடம் இருந்தது. போய் நின்றார். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

ருகூவுக்குக் குனிந்தார். குனிய வந்தது. சுஜூதுக்கு இறங்கினார். முழங்கால், கை, மூக்கு, நெற்றி. பாய் ஈரவாடை அடித்தது. அந்த வாடை எத்தனை நாளாயிற்று! எல்லாரும் எழுந்த பிறகும் ஒரு கணம் எழ மனசில்லாமல் கிடந்தார்.

தொழுகை முடிவில் சலாம் கொடுத்து வலப்பக்கம் முகத்தைத் திருப்பினால், ஜெயினுலாப்தீன்.

வாசலில் அவர்தான் முதலில் பிடித்துக்கொண்டார். தோளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். "மீரானு! மாஷா அல்லா! நானும் ஓரக்கண்ணால பாத்துக்கிட்டேதான் இருந்தேன். சுஜூதுல இருந்து யாரு கையையும் பிடிக்காம எந்திரிச்சிட்டியே! இவன் இனி அவ்வளவுதான்னு நெனச்சேன்டா." அவருக்கும் நெஞ்சு நிறைந்திருந்தது. அதில் ஒன்றும் பொய் இல்லை.

"கரண்டு வச்சிருக்கு மொதலாளி. இப்போதைக்கு வலி தெரியல. அதான், அந்த மேசை வேலை…"

"மேசையா?" ஜெயினுலாப்தீன் கையை எடுத்துக்கொண்டார். "நொண்டுத ஆளுக்கு ஒதுங்க ஒரு இடம் வேணுமேன்னுதான் அதை வச்சிருந்தேன். நீதான் ஜோரா நிக்கியே. என் மச்சினன் மவன் ஊர்ல இருந்து வந்திருக்கான், பாத்தேல்லா? படிச்ச பய, தூக்கிப் பழக்கமில்ல. அவன் அதுல நிக்கட்டும். பெருநாள் லோடு வருது. நீ இல்லாம லாரி இறங்குமா?"

"தூக்கக்கூடாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லுதாங்க மொதலாளி."

"எனக்குந்தான் சீனி திங்காதேன்னு சொல்லுதான். திங்காமயா இருக்கேன்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மீரானும் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்ய?

வீட்டில் மெஹராஜ் தரையில் உட்கார்ந்து தோல் பைக்குக் கைப்பிடி பின்னிக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, பின்னுகிற வாரைப் பல்லால் கடித்து இழுத்தாள்.

"ஒரு வார்த்தை சொன்னா கோவிச்சுக்கிட மாட்டீங்களே? இன்னைக்கு நீங்க ஸ்டூல்லயே உக்காந்து தொழுதிருக்கணும்."

"முடியுத உடம்பை வச்சிக்கிட்டா? யாரை ஏமாத்தச் சொல்லுதே?"

"அல்லாவை ஏமாத்தச் சொல்லல. அவனுக்கு ஒங்க முதுகு தெரியும். மொதலாளிக்குத் தெரியாதுல்லா. கேக்கப் போற அன்னைக்குப் போயி அவரு பக்கத்துலயே நின்னு பந்தாக் காட்டிட்டு வந்திருக்கீங்க."

"பக்கத்துல அவருன்னு எனக்கென்னடி தெரியும்?"

சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது வலி வீடு தேடி வந்துவிட்டது. சுவரைப் பிடித்து எழுந்தவர், பாதி எழுந்து அப்படியே நின்றார். மெஹராஜ் பின்னலைப் போட்டுவிட்டு வந்து கைகொடுத்தாள்.

எண்பத்தாறாம் வருஷத்து ஹஜ்ஜுப் பெருநாள் நல்ல மழையில் வந்தது. அதற்கு ஒரு வாரம் இருக்கும்போது ஜெயினுலாப்தீன் மீரானைக் கூப்பிட்டு அனுப்பினார். கிடங்கு ஆபீஸில் அவர் முன்னால் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. துபாயிலிருந்து வந்த சம்பந்தியிடம் சொல்லி வாங்கி வரச் செய்திருந்தார். உள்ளே ஆஸ்பத்திரியில் பார்த்த அதே மாதிரிப் பெட்டி, அதைவிடச் சின்னது. பேட்டரியில் ஓடுவது. எரியும்போது சிவப்பாக ஒரு பொட்டு வெளிச்சம் மினுக்கும்.

"ஃபாரின் மிஷின். ஆஸ்பத்திரிக்கு நடந்து நடந்து ஏன் லோல்படுதே? இடுப்புல மாட்டிக்க. மாட்டிக்கிட்டே வேலை செய்யலாமாம். ஒனக்குன்னே சொல்லி வாங்கினேன், பாத்துக்க."

தனக்கென்று ஒரு முதலாளி கடல் தாண்டிச் சாமான் வரவழைப்பது மீரான் பரம்பரையிலேயே நடந்ததில்லை. பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "அல்லா ஒங்களுக்குப் பறக்கத் செய்யட்டும் மொதலாளி" என்றார். மனதறிந்துதான் சொன்னார்.

கிடங்கில் அவரோடு தோல் சுமக்கிற அப்துல் ரவூப் அதைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்தான். முப்பது வயதுக்காரன், மீரானை அண்ணன் முறையில் காக்கா என்பான், எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பான். "என்ன காக்கா, டிரான்சிஸ்டரா? சிலோன் ஸ்டேஷன் எடுக்குமா?"

"ஒன் வாயை எடுக்கும். கொண்டா இங்க."

"கோவிக்காதீங்க. ஒரு நாளைக்கு எனக்கும் மாட்டி விடுங்க. எனக்குந்தான் பின்னால என்னமோ பிடிச்ச மாதிரி இருக்கு."

பெருநாள் தொழுகை முடிந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் தோல் வரத் தொடங்கிவிட்டது. கைவண்டியில், டெம்போவில், லாரியில். மதரசாக்களும் அனாதை இல்லங்களும் வீடு வீடாகச் சேகரித்து அனுப்பிய குர்பானித் தோல். ஆட்டுத்தோல் ஒவ்வொன்றாய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை. இருபது இருபதாகக் கட்டி, ரத்தமும் மழைத் தண்ணீருமாக ஊறிய கட்டு, ஆளை அமுக்கிவிடும். நடுநடுவே எருமைத் தோலும் வரும். பொழுது சாயுமுன் எல்லாவற்றையும் இறக்கி, விரித்து, உப்புப் போட்டாக வேண்டும். மழை நாளில் கொஞ்சம் தாமதித்தால் மயிர் கழன்றுவிடும். கழன்ற தோல் செருப்புக்கும் ஆகாது.

மீரான் இடுப்பு வாரில் பெட்டியைச் செருகி, முதுகில் பட்டைகளை ஒட்டி, மேலே பனியனைப் போட்டிருந்தார். எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. முதல் லாரி இறங்கியது. வலி இல்லை. இரண்டாவது இறங்கும்போது வியர்வையில் பிளாஸ்திரி விட்டுப் பட்டை வழுக்கியது. ஜெல்லி டியூப் ஏற்கெனவே தீர்ந்திருந்தது.

"உப்புத்தண்ணி தொட்டு ஒட்டுங்க காக்கா. உப்புன்னா கரண்டு நல்லாப் பாயும்" என்றான் ரவூப். தோல் ஊறும் தொட்டியிலிருந்து ஒரு கை அள்ளிப் பட்டையில் தடவி, அவனே ஒட்டிவிட்டான். தோல் கிடங்கில் வெட்டுக்காயமானாலும் வயிற்றுக் கடுப்பானாலும் உப்புத்தான் முதல் மருந்து. கரண்ட் நன்றாகவே பாய்ந்தது. சுரீர் என்று ஒரு எரிச்சல். பிறகு எரிச்சலும் மரத்துப் போயிற்று. மீரான் குமிழை இன்னும் கொஞ்சம் திருகிக்கொண்டார்.

ஜெயினுலாப்தீன் குடை பிடித்துக்கொண்டு லாரிக்குப் பக்கத்திலேயே நின்றார். எல்லாருக்கும் பிரியாணி சொல்லியிருந்தார். மீரான் தாண்டிப் போகிறபோதெல்லாம், "எப்படி இருக்கு மீரானு? கொறைஞ்சா கூட்டி வச்சுக்க" என்றார்.

"வலி தெரியல மொதலாளி."

"அதான் கேட்டேன். நட, நட."

எத்தனை கட்டு சுமந்தார் என்று அவருக்கே தெரியாது. கடைசி லாரிக்கு முந்தின லாரியில் எருமைத் தோல் ஒன்றை முதுகில் வாங்கித் திரும்பியபோது, உள்ளே எங்கோ ஈரத்துணியைக் கிழித்தது மாதிரி ஒரு அசைவு. வலிக்கவில்லை. உள்ளே போய்ப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

"காக்கா, ஒங்க செருப்பு அங்கன கெடக்கு பாருங்க" என்றான் ரவூப்.

மீரான் குனிந்து பார்த்தார். இடது காலில் செருப்பு இல்லை. லாரிக்கும் வாசலுக்கும் நடுவில் சேற்றில் கிடந்தது. எப்போது கழன்றது? உப்புக்கல்லிலும் ஆணியிலும் வெறுங்காலோடு நடந்திருக்கிறார். பாதத்தில் ரத்தம் கசிந்தது. காலைத் தூக்கிச் செருப்புக்குள் நுழைக்கப் பார்த்தார். பாதம் தொங்கியது, நிமிரவில்லை. கையால் பிடித்து நுழைத்தார். மறுபடி கழன்றது.

"ஏலே ரவூபு," என்றார் மெதுவாக. "என் காலு எங்கலே?"

அவன் சிரிக்கத்தான் வாயெடுத்தான். முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு மெஹராஜ் டாக்ஸியில் கொண்டுபோனாள். ஜகந்நாதன் பனியனைத் தூக்கிப் பார்த்தார். ரப்பர் பட்டை இருந்த இடத்தில் இரண்டு சதுரமாக வெந்து, உப்பி, ஓரம் கறுத்திருந்தது. பாதத்தில் ஊசியால் குத்தினார். இங்கே? இங்கே? மீரான் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். இல்லை, இல்லை.

"யாரு உங்களை இதைக் கட்டிண்டு மூட்டை தூக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல சார். குடுத்தாங்க."

ஜகந்நாதன் ஊசியைக் கிண்ணத்தில் போட்டார். பெரிய டாக்டர் பார்க்க வேண்டும் என்றார். ஆபரேஷன் என்றார். பண்ணினாலும் பாதம் பழையபடி வரும் என்று சொல்வதற்கில்லை என்றார்.

"கரண்டு வைக்க மாட்டீங்களா சார்?"

"கரண்ட் வலிக்குத்தான் வைக்கறது." அவர் குரல் இறங்கிவிட்டது. "உங்க கால்ல இப்போ வலியே இல்லையே ஐயா."

மெஹராஜ் அப்போதுதான் அழுதாள். முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

சில நாள் கழித்து ஜெயினுலாப்தீன் வீட்டிலிருந்து பழமும் ரொட்டியும் வந்தது. கொண்டுவந்த ஆள், "அந்தப் பெட்டி ஒங்களுக்கு இப்போ சும்மாதானே கெடக்கு, மொதலாளி வாங்கிட்டு வரச் சொன்னாக" என்றான். மெஹராஜ் அதை ஒரு பழைய துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பினாள். கொடுத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

ஆபரேஷனுக்கு இன்னும் நாள் கிடைக்கவில்லை. அடுத்து வந்த வெள்ளிக்கிழமை மீரான் கம்பு ஊன்றிப் பள்ளிக்குப் போனார். கடைசித் தூணோரம் ஸ்டூல் இருந்தது. உட்கார்ந்தார். உள்ளே போகிற வழியில் ஜெயினுலாப்தீன் நின்று அவர் தோளில் கைவைத்தார். "ஓய்வா இரு மீரானு. அல்லா இருக்கான். காலு சரியாகட்டும், மேசையைப் பத்தி யோசிப்போம்" என்றுவிட்டு முன் வரிசைக்கு நடந்தார்.

பிந்தி வந்த ரவூப், மீரானுக்கு நேர் முன்னால், கடைசி வரிசையில் இடம் பிடித்து நின்றான். அவசரத்தில் சலாம்கூடச் சொல்லவில்லை. அல்லது சொல்லக் கூச்சப்பட்டானோ என்னவோ.

தொழுகை தொடங்கியது. எல்லாரும் குனிந்தார்கள். நிமிர்ந்தார்கள். பிறகு எல்லாரும் ஒன்றாகத் தரைக்கு இறங்கினார்கள். மீரான் கழுத்தை மட்டும் தாழ்த்தினார். அவர் முன்னால் பள்ளி முழுக்க முதுகுகள்.

ரவூப்பின் சட்டை மேலேறிக் கிடந்தது. இடுப்புக்கு மேலே இரண்டு கறுப்புப் பட்டை, ஓரத்தில் புது பிளாஸ்திரி. வயர் லுங்கி வாருக்குள் இறங்கியது. அங்கே சிவப்புப் பொட்டு எரிந்தது, அணைந்தது, எரிந்தது.

தக்பீர் சொன்னார்கள். யார் கையையும் பிடிக்காமல் ரவூப் எழுந்து நின்றான்.